இரண்டு பந்தா, நாலு பந்தா?

கோல்ஃப் ஆட நாலு பேர் இரண்டு ஜோடியாகச் சேர்ந்துவிட்டால், முதல் டீயிலேயே (குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடம்) இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது. ஃபோர்பாலா, ஃபோர்சம்ஸா?

ஃபோர்பாலில் ஆளுக்கொரு பந்து. ஜோடியில் யாருடைய ஸ்கோர் (அடித்த அடிகளின் எண்ணிக்கை) குறைவோ அதுதான் அந்தக் குழிக்குக் கணக்கு. நீங்கள் பந்தைத் தண்ணீரில் போட்டாலும் கூட்டாளி பார் (அந்தக் குழிக்கு விதித்த அடிக் கணக்கு) எடுத்தால் தப்பித்தீர்கள். அதனால் துணிந்து அடிக்கலாம். பெரும்பாலோர் இதைத்தான் கேட்பார்கள்.

ஃபோர்சம்ஸில் ஜோடிக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். ஒற்றைப்படைக் குழிகளில் ஒருவர் டீ அடித்தால் இரட்டைப்படையில் மற்றவர். முறை மாறி அடித்துவிட்டால், யார் எத்தனை குழி ஜெயித்தார்கள் என்று எண்ணும் மேட்ச் பிளேயில் அந்தக் குழியே போச்சு. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் 2 அடி அபராதம்.

ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் ஃபோர்சம்ஸ்தான். ஒருவர் டீயில் நிற்கும்போதே மற்றவர் முன்னே நடந்து, பந்து விழும் இடத்தருகே காத்திருக்கலாம். ஆனால் ஜோடி 90 முறை அடித்து முடித்தால் உங்கள் பங்கு 45 சொச்சம்தான். வாரம் ஒருமுறை ஆசையாக வருபவருக்கு இது அரைச் சாப்பாடு. அதோடு ஒரு சங்கடமும் உண்டு. கூட்டாளியின் பட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) குழியைத் தாண்டி ஐந்தடி தூரம் ஓடிவிடும். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அந்த ஐந்தடி இப்போது உங்கள் பாடு. அதற்கு முன் மூன்று குழிகளாக நீங்கள் பட்டரை (பட் அடிக்கும் மட்டை) தொட்டே இருக்க மாட்டீர்கள். 'சாரி' சொல்வதில்லை என்று முன்பே பேசி வைத்துக்கொள்வது உத்தமம்.

இருந்தாலும் என் ஓட்டு ஃபோர்சம்ஸுக்கே. ஃபோர்பாலில் இருவரும் தனித்தனியாக ஆடி ஸ்கோரை மட்டும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஃபோர்சம்ஸில்தான் ஜோடி என்பதற்கே அர்த்தம் வருகிறது. அணிகள் மோதும் கோல்ஃப் போட்டியான ரைடர் கோப்பை 1927இல் ஃபோர்சம்ஸும் ஒற்றையர் ஆட்டமுமாகத்தான் தொடங்கியது. ஃபோர்பால் 1963இல்தான் சேர்ந்தது. இப்போது மொத்தம் 28 புள்ளிகள்: இரண்டு ஜோடி ஆட்டங்களுக்கும் தலா 8, ஒற்றையருக்கு 12.

ஜோடியில் ஒருவர் புதியவர் என்றால் மட்டும் ஃபோர்பாலுக்கே போங்கள். ஒவ்வொரு தப்புக்கும் அவர் கூனிக் குறுக வேண்டாம்.

நாலாவது ஆள் வராமல் மூன்று பேர் நின்றால்? ஒருவருக்கு எதிராக இருவர் ஒரே பந்தை மாறி மாறி ஆடும் த்ரீசம் விதிப் புத்தகத்தில் இருக்கிறது, ஆடுபவர்கள் அபூர்வம். ஒன்பது புள்ளி ஆட்டம் இதைவிட ருசி. குழிக்கு 9 புள்ளிகள். முதலாமவருக்கு 5, அடுத்தவருக்கு 3, கடைசிக்கு 1. முதலிடத்தில் இருவர் சமமானால் 4-4-1. இரண்டாமிடத்தில் சமமானால் 5-2-2. மூவரும் சமமென்றால் 3-3-3. கடைசிக் குழி வரை யாரும் சும்மா நடக்க மாட்டார்கள்.

இரண்டே பேரா? நேராக மேட்ச் பிளே, யோசிக்க ஒன்றுமில்லை.

ஐந்து பேர் வந்துவிட்டால் இரண்டும் மூன்றுமாகப் பிரியுங்கள். இருவர் குழு முதலில் கிளம்பட்டும். பின்னால் விட்டால் ஒவ்வொரு டீயிலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.