நெட்டி முறிப்பதா, நீவி விடுவதா, பயிற்சி எடுப்பதா? மலைக்காரர் இடுப்புக்கு எது சரி?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் இடுப்பு வலிக்கு வந்துவிடுவார்கள். சரிவில் நின்று கொழுந்து எடுக்கிறவர்கள், கேரட் மூட்டையைப் பள்ளத்திலிருந்து ரோட்டுக்கு ஏற்றுகிறவர்கள், நாளெல்லாம் வளைவுகளில் ஸ்டியரிங் ஒடிக்கிற டிரைவர்கள் என்று யாரும் இதற்குத் தப்பவில்லை. முன்பு இவர்களுக்கு இரண்டு வழிதான். ஒன்று சுளுக்கு எடுக்கிறவர், இல்லையென்றால் பெரியாஸ்பத்திரி. இப்போது செல்போன் வழியாக மூன்றாவது ஒன்று வந்திருக்கிறது. ஒருவரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் ஒரே அமுக்கு, 'மடக்'கென்று சத்தம், எழுந்தவர் முகத்தில் சிரிப்பு. கைரோபிராக்டிக். "கோயம்புத்தூர் போய் ஒரு தடவை எடுத்துட்டு வந்துடலாமா?" என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள்.

பலரும் அந்தச் சத்தத்தை நம்பித்தான் போகிறார்கள். விலகியிருந்த எலும்பு 'டக்'கென்று தன் இடத்தில் உட்காரும் சத்தம் என்று நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. மூட்டைச் சுற்றி ஒரு பை, அதற்குள் வழுவழுப்பான நீர். மூட்டின் இரு பக்கமும் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் இறங்கி, அந்த நீரில் ஒரு வாயுக்குழி உண்டாகிறது. 2015இல் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலை இழுத்துச் சொடக்கெடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. படம் பிடித்து இதைக் காட்டினார்கள். ஒருமுறை சொடக்கு வந்த விரலில் உடனே அடுத்த சொடக்கு வராது, சுமார் இருபது நிமிடம் ஆக வேண்டும் என்பது நெட்டி முறிக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதுகிலும் அதே கதை. சத்தம் வந்ததால் எதுவும் சரியாகிவிடவில்லை, வராததால் எதுவும் தப்பிப் போய்விடவும் இல்லை.

அப்படியானால் எழுந்தவர் ஏன் சிரிக்கிறார்? நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். முதுகெலும்பில் அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. ஒவ்வொன்றும் அடுத்ததோடு பின்பக்கத்தில் இரண்டு சிறு மூட்டுகளால் சேர்கிறது. அந்த மூட்டுகளின் உறையிலும் சுற்றியுள்ள தசையிலும் இழுவையை உணரும் நரம்பு நுனிகள் நிறைய. வேகமாக, குறைந்த தூரத்துக்கு ஓர் அமுக்கு விழும்போது அவை ஒரேயடியாகத் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புகின்றன. முறுக்கிக்கொண்டிருந்த தசை தளர்கிறது, வலியின் சேதி கொஞ்ச நேரம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அடிபட்ட இடத்தை நாமே தேய்த்துவிட்டுக்கொள்வதும் இதனால்தான். தொடுகையின் சேதி வலியின் வழியை மறிக்கும் என்ற விளக்கத்தை 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். ஆக, நிவாரணம் நிஜம். ஆனால் அது நரம்பு தரும் நிவாரணம், எலும்பு நகர்ந்ததால் வந்ததல்ல. அதனாலேயே பெரும்பாலும் நீடிப்பதில்லை.

இந்த வைத்தியத்தைத் தொடங்கியவர் சொன்னது வேறு. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பாமர் என்பவர், காது கேளாத ஹார்வி லில்லர்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் ஓர் எலும்பை அமுக்கிச் செவித்திறனை மீட்டதாகச் சொல்லிக்கொண்டார். முள்ளெலும்பு விலகி நரம்பை அடைப்பதுதான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்களுக்குக் காரணம் என்றுகூட எழுதினார். பிரிட்டனில் கைரோபிராக்டர்களை முறைப்படுத்தும் கவுன்சிலே 2010இல், அந்த 'விலகல்' நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று அறிவித்துவிட்டது. ஆகவே முதுகை அமுக்கிச் சர்க்கரையையும் ஆஸ்துமாவையும் குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். வெறும் இடுப்பு வலிக்கு என்றால் கதை வேறு. 2017இல் அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்றின் வழிகாட்டுதல் மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்கத்தக்கவற்றில் இதையும் சேர்த்தது. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் ஒரு நிபந்தனை போட்டது: உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான், தனியாக அல்ல.

அந்த நிபந்தனைதான் என்னைப் பிசியோதெரபி பக்கம் சாய்க்கிறது. கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்த பிசியோதெரபிஸ்ட் பையனிடம் அந்த வீட்டு அக்கா கேட்டார்.

"தம்பி, இழுத்து விட்டுட்டா சரியாயிடும்ல?"

"விடலாங்கக்கா. நாளைக்கு மறுபடி கொழுந்து வெட்டுற கத்தரியத் தூக்குவீங்க. இடுப்புச் சதைக்குத் தெம்பு இல்லாம யார் இழுத்து விட்டாலும் ரெண்டு நாளுதான்."

பிறகு அவரைக் கத்தரியோடு நிற்கச் சொன்னான். பெட்டி வைத்த அந்தக் கத்தரியைப் பிடித்ததும் அவர் கால் ஊன்றிய இடத்திலேயே நிற்க, இடுப்பு மட்டும் இடமும் வலமும் திரும்பியது. "இங்கதான்கா வம்பு. இடுப்பத் திருப்பாதீங்க, காலை எடுத்து வைங்க. மேட்டுப் பக்கக் கால் முன்னால." அப்புறம் பாயில் கையும் முழங்காலும் ஊன்றவைத்து, வலக் கையையும் இடக் காலையும் ஒரே நேரத்தில் நீட்டி பத்து எண்ணச் சொன்னான். அக்கா ஆறிலேயே ஆடிவிட்டார். அந்த ஆட்டத்தைப் பார்த்தாலே போதும், ஸ்கேன் கேட்காமலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

எல்லாப் பிசியோதெரபியும் இப்படி இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படுக்க வைத்து 'கரண்ட்' வைத்து, மணியடித்ததும் அனுப்பிவிடுகிற இடங்கள் நிறைய. மேலே சொன்ன அதே பிரிட்டன் வழிகாட்டுதல், இடுப்பு வலிக்கு அல்ட்ராசவுண்டோ மின்தூண்டலோ கொடுக்க வேண்டாம் என்கிறது. மெஷினோடு முடிகிற இடமென்றால் கைரோவுக்கும் அதற்கும் நான் பெரிய வித்தியாசம் பார்க்க மாட்டேன். ஒரு வித்தியாசம் மட்டும் மிச்சம்: பிசியோதெரபிக்கு நம் ஊரில் பட்டப்படிப்பும் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. கைரோபிராக்டிக்குக்குத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. வெளிநாட்டில் வருடக்கணக்கில் படித்தவரும், சில நாள் வகுப்பில் கற்றுக்கொண்டவரும் ஒரே போர்டு மாட்டிக்கொள்ளலாம்.

சுளுக்கு எடுக்கிறவரை ஒதுக்கித் தள்ள எனக்கு மனமில்லை. தசைப் பிடிப்பை எண்ணெய் விட்டு மெல்ல நீவிவிடும் கைகள் மலையில் இன்னும் இருக்கின்றன, செலவும் குறைவு. சித்த மருத்துவத்தில் வர்மம் 108 இடங்களைச் சொல்கிறது. அதை முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போவது ஒன்று, சந்தைக்கு வந்தவரிடம் முதுகைக் கொடுப்பது வேறொன்று. ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இருப்பது ஆஸ்பிரின் குடும்பத்துப் பொருள், வலி மருந்துக் களிம்புகளில் வருகிற அதே வாசம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அள்ளிப் பூச வேண்டாம்.

கழுத்து விஷயத்தில் எனக்குச் சமரசமே இல்லை. மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்து எலும்பின் ஓட்டைகள் வழியாகவே ஏறுகின்றன. சட்டென்று திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் ஆளையே முடக்கிவிடலாம். கைரோ மேசையானாலும் சரி, முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து 'மடக் மடக்' செய்கிற சலூன் நாற்காலியானாலும் சரி, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு பயம் ஸ்கேன் ரிப்போர்ட். 'ஜவ்வு (முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்) விலகிடுச்சு' என்று படித்ததும் பாதிப் பேர் படுத்துவிடுகிறார்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. 80 வயதில் 84 சதவீதம். கால் வரை இழுக்கும் நரம்பு வலியும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும். அதுவரை அந்த இடத்தை வேகமாக அமுக்கச் சொல்லிப் போகாதீர்கள்.

ஆக, என் கணக்கு இது. வேலைப் பளுவால் வந்த இடுப்புப் பிடிப்பு, கால் மரத்துப்போகவில்லை என்றால் முதலில் பிசியோதெரபி. அதுவும் பயிற்சி சொல்லித்தருகிறவரிடம். வசதியிருந்து, படித்த கைரோபிராக்டரும் கிடைத்தால், அந்தப் பயிற்சியோடு சேர்த்து ஓரிரு தடவை இடுப்புக்கு மட்டும் போகலாம். ஆனால் இடுப்பு வலியோடு பர்லியார் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, சாயங்காலம் அதே வளைவுகளில் ஏறி வருவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேசையில் கிடைத்தது குன்னூர் வருவதற்குள் பாதி கரைந்துவிடும். மாதவிடாய் நின்ற, எலும்பு வலுவிழந்த பெண்களுக்கு வேகமான அமுக்கு எந்தக் கையாலும் கூடாது.

சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ இந்த ஒப்பீட்டுக்கே வேலையில்லை. அன்றைக்கே ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். முதுகு வலியோடு சாயங்காலக் காய்ச்சலோ எடைக் குறைவோ இருந்தாலும், ராத்திரி தூங்கவிடாமல் வலித்தாலும் முதுகைத் தொடவிடாமல் முதலில் டாக்டரைப் பாருங்கள். முதுகெலும்புக் காசநோய் நம் ஊரில் இன்னும் இருக்கிறது, அரித்த எலும்பு ஓர் அமுக்கைத் தாங்காது.