லான் மெயின்டனன்ஸ் சர்வீஸ்: ஒன்றரை வருஷ அனுபவம் (மழைக்காலத்துல உரம் போட மாட்டேன்னு சொன்ன நர்சரி அண்ணா)

எங்க அப்பார்ட்மென்ட் சென்னைல பெரும்பாக்கம் பக்கம், 96 வீடு, நடுவுல ஒரு 6,000 சதுர அடி லான், அது ஓரமா சின்னதா ஒரு அல்லிக்குளம். கார்டன் கமிட்டில நானும் இருக்கேன். மேடவாக்கத்துல இருக்கற இந்த நர்சரிக்காரங்களோட லான் மெயின்டனன்ஸ் எடுத்து ஒன்றரை வருஷம் தாண்டிடுச்சு, எப்படின்னு பக்கத்து அப்பார்ட்மென்ட்காரங்க கேட்டுட்டே இருக்காங்க, அதனால மொத்தமா இங்கயே எழுதிடுறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனா லான் வெச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. 5க்கு நாலரை குடுத்திருக்கேன்.

இவங்களுக்கு முன்னாடி வேற ஒரு கான்ட்ராக்ட் இருந்துச்சு, பேரு வேணாம். 2023 அக்டோபர் கடைசில ஒரு சாயங்காலம் அவங்க ஆளுங்க ரெண்டு பேர் வந்து ஒரு மூட்டை யூரியா, கூட கொஞ்சம் டிஏபி, ரெண்டையும் கலந்து கையால வீசிட்டுப் போயிட்டாங்க. தீபாவளிக்குள்ள புல்லு பளிச்சுனு பச்சையா தெரியணும்னு கேட்டது எங்க அசோசியேஷன்தான், அதையும் சொல்லிடணும். அன்னிக்கு ராத்திரியே மழை புடிச்சுக்கிச்சு. காலைல நான் வாக்கிங் போறப்ப பேவர் பிளாக் சந்துல எல்லாம் வெள்ளை வெள்ளையா குருணை கரைஞ்சு ஓடிட்டிருக்கு. லான்ல இருந்து ஓடற தண்ணி எங்களுக்கு பாதி குளத்துக்குப் போகும், மீதி மழைநீர் சேகரிப்பு குழிக்குப் போகும். பத்து பன்னெண்டு நாள்ல குளத்து மேல பச்சை பெயின்ட கொட்டுன மாதிரி ஆயிடுச்சு, நாத்தம் வேற, அப்புறம் ஒருநாள் காலைல மீனு மொத்தமும் செத்து மெதந்துச்சு. பசங்க எல்லாரும் சேர்ந்து வாங்கி விட்ட மீனு அது. என் பொண்ணு அன்னிக்கு ஸ்கூலுக்கே போகல.

புல்லாவது நல்லா வந்துச்சான்னா அதுவும் இல்ல, திட்டுத் திட்டா கருகிடுச்சு. அப்புறம்தான் உக்காந்து கணக்கு போட்டேன். யூரியால 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 45 கிலோ மூட்டைன்னா கிட்டத்தட்ட 20 கிலோவுக்கு மேல சுத்தமான நைட்ரஜன், அத 6,000 சதுர அடில போட்டா 1,000 சதுர அடிக்கு மூணரை கிலோ வருது. புல்தரைக்கு ஒரு தடவைக்கு 1,000 சதுர அடிக்கு அரை கிலோவுக்குள்ளதான் போடணும்னு சொல்லுவாங்க. ஏழு மடங்கு! புல்லு தின்னது போக மிச்சம் எல்லாம் தண்ணிக்குத்தான போகும், வேற எங்க போகும்.

குளம் பச்சையானதுக்கு யூரியாவ மட்டும் குத்தம் சொல்ல முடியாது, கூடப் போட்ட டிஏபிக்கு பெரிய பங்கு இருக்கு. அதுல இருக்கற மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், நல்ல தண்ணி ஏரி குளத்துல பெரும்பாலும் அதுதான் பத்தாக்குறையா இருக்கும், அது வந்து சேர்ந்த உடனே பாசி கிடுகிடுன்னு வளந்துடும். கனடால 1973ல ஒரு ஏரிய நடுவுல திரை போட்டு ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும், இன்னொரு பக்கம் அதோட பாஸ்பரஸும் சேர்த்து விட்டுப் பாத்தாங்க. பாஸ்பரஸ் விட்ட பாதி மட்டும் பச்சைப் பசேல்னு ஆயிடுச்சு. மேல இருந்து எடுத்த அந்தப் போட்டோவப் பாத்தா யாருக்கும் விளக்கமே தேவையில்ல, எங்க குளம் அப்படியேதான் இருந்துச்சு. அந்தப் பாசி ராத்திரில ஆக்சிஜன இழுக்கும், செத்து அழுகும்போது இன்னும் ஜாஸ்தி போகும், மீனு மூச்சு முட்டிச் செத்துடும்.

சரி, இப்ப இந்த சர்வீஸுக்கு வர்றேன். மிக்ஜாம் புயல் வெள்ளமெல்லாம் வடிஞ்சு 2024 பிப்ரவரிலதான் புதுசா ஆள் தேடுனோம். மூணு பேர் வந்து பாத்தாங்க. ரெண்டு பேர் லானப் பாத்த உடனே ரேட் சொல்லிட்டாங்க. இந்த அண்ணா மட்டும் புல்லையே பாக்கல, முதல்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு கேட்டாரு, டிரெயின் மூடியத் தூக்கிப் பாத்தாரு, சேகரிப்பு குழி எங்க, போர்வெல் எங்கன்னு நடந்து பாத்தாரு. அப்புறம் "லானுக்கு எஸ்டிபி தண்ணியா விடறீங்க மேடம்?"னு கேட்டாரு. ஆமான்னு சொன்னேன். "அப்ப நீங்க தெனமும் உரம் விட்டுட்டுதான் இருக்கீங்க"ன்னாரு.

இது எனக்கு சத்தியமா தெரியாது. எஸ்டிபி தண்ணி, அதான் சுத்திகரிச்ச கழிவுநீர், அதுல தழைச்சத்தும் மணிச்சத்தும் மிச்சம் இருக்குமாம், ஓஎம்ஆர் பக்கம் பாதி அப்பார்ட்மென்ட்ல அந்தத் தண்ணியத்தான் தோட்டத்துக்கு விடறோம், அதுக்கு மேல மூட்டை மூட்டையா உரமும் வாங்கிப் போடறோம். காசு செலவு பண்ணி கெடுத்துக்கறோம்னு அப்பத்தான் புரிஞ்சுது.

மண் டெஸ்ட் பண்ணாம உரம் போட மாட்டேன்னுட்டாரு. அஞ்சாறு இடத்துல மண்ணெடுத்து, கலந்து, நிழல்ல காயவெச்சு லேபுக்கு அனுப்பினாரு. ரிப்போர்ட்ல மணிச்சத்து 'அதிகம்'னு வந்துச்சு. அவ்ளோதான், டிஏபி, 17:17:17, 19:19:19 எல்லாம் கேட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்னுட்டாரு. உரப்பையில போட்டிருக்கற மூணு நம்பர்ல நடு நம்பர்தான் மணிச்சத்து, அது சைபரா இருக்கணும், அத மட்டும் பாத்துக்கோங்கன்னு எங்க செக்யூரிட்டிக்கே சொல்லிக் குடுத்துட்டாரு. இப்ப செக்யூரிட்டி அண்ணா பைய வாங்கி நடு நம்பரப் படிச்சுட்டுதான் உள்ள விடறாரு.

தழைச்சத்து மட்டும் மார்ச்ல ஒண்ணு, ஜூன் வாக்குல ஒண்ணு, ரொம்பக் கொஞ்சமா, அளந்து, கையால வீசாம ஸ்ப்ரெட்டர் வெச்சுப் போடறாரு. பேவர் மேல விழுந்தத விளக்குமாறால கூட்டி திரும்ப லானுக்குள்ள தள்ளிடறாங்க. குளத்தச் சுத்தி பத்தடிக்கு ஒண்ணும் போடறதில்ல, அங்க புல்ல எடுத்துட்டு கல்வாழையும் வெட்டிவேரும் நட்டிருக்காரு. வெட்டுன புல்ல அள்ளிக் குப்பைல போடாம பொடியா அங்கயே விட்டுடறாங்க, அதுலயே ஒரு கால்வாசி தழைச்சத்து திரும்பக் கெடச்சிடும். ஆரம்பத்துல எல்லாரும் அசிங்கமா இருக்குன்னாங்க, ரெண்டு நாள்ல அது காணாமப் போயிடுது, இப்ப யாரும் எதுவும் சொல்றதில்ல.

அப்புறம் அவர் போட்ட கண்டிஷன். "ஐப்பசி கார்த்திகை அடைமழை மேடம், அக்டோபர் பொறந்தா பொங்கல் வரைக்கும் உரப்பைய நான் தொட மாட்டேன், அதுக்கு ஒத்துக்கிட்டா சொல்லுங்க, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க." எங்க கமிட்டில ஒருத்தர், ரசாயன உரம் வேணாம்னா எருவாவது கொட்டுங்கன்னாரு. அதுக்கும் இவர் "எருவும் உரம்தான் சார், அளவு மீறுனா அதுவும் மழைல ஓடி தண்ணிக்குத்தான் போகும்"னு சொல்லிட்டாரு. ஆர்கானிக்னா எவ்ளோ வேணா போடலாம்னு நெனச்சிட்டிருந்தேன் நானும்.

அப்ப நான் இது இவரோட பிடிவாதம்னுதான் நெனச்சேன். அந்த வருஷம் ஜூலைல அக்கா வீட்டுக்கு அமெரிக்கால ஃபுளோரிடா போயிருந்தேன், பினெல்லஸ் கவுண்டினு கடலோர இடம். அவ வீட்டு லான் நம்ம லான விட வெளிறிப் போயிருந்துச்சு. ஏன்க்கா உரம் போடலையான்னு கேட்டா, "இப்ப போடக்கூடாதுடி, சட்டமே இருக்கு"ங்கறா. ஜூன் 1ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் இருக்கற லான் உரத்த போடவும் கூடாது, அந்த கவுண்டி கடைல விக்கவும் கூடாது. 2010ல போட்ட விதியாம். ஏன் அந்த நாலு மாசம்னா அதுதான் அவங்க மழைக்காலம். சத்தியமா எனக்கு மேடவாக்கத்து அண்ணாதான் ஞாபகத்துக்கு வந்தாரு, அவங்க ஜூன் செப்டம்பர்னு சொல்றத இவர் ஐப்பசி கார்த்திகைன்னு சொல்றாரு, விஷயம் ஒண்ணேதான். மழைக்காலத்துல புல்லு பச்சையா வேணும்னா இரும்புச்சத்து மட்டும் போட்டுக்கலாம்னு அக்கா சொன்னா. நம்ம அண்ணா அன்னபேதி உப்ப, அதான் இரும்பு சல்பேட்ட, கரைச்சுத் தெளிக்கறதும் அதுக்குத்தான்!

திரும்பி வந்து இன்னும் தேடிப் படிச்சேன். அதே அமெரிக்கால மின்னசோட்டாங்கற மாநிலத்துல ஏரி ரொம்ப ஜாஸ்தி, அங்க பாஸ்பரஸ் இருக்கற லான் உரத்துக்கு 2004ல பெரிய நகரத்துப் பகுதிலயும் 2005ல மாநிலம் முழுக்கவும் தடை கொண்டு வந்தாங்க, மண் டெஸ்ட்ல குறைவுன்னு வந்தாலோ புதுசா புல் போட்டாலோ மட்டும் போட்டுக்கலாம். மேரிலாண்ட்ல 2011ல ஒரு சட்டம், குளிர்காலத்துல போடக்கூடாது, பெருமழை வரும்னு சொல்லியிருந்தாலும் போடக்கூடாது. இதெல்லாம் சும்மா அழகுக்குப் பண்றது இல்ல, 2014 ஆகஸ்ட்ல டொலீடோ நகரத்துல ஏரித் தண்ணில பாசி விஷம் கலந்து லட்சக்கணக்கான ஜனங்க ரெண்டு மூணு நாள் குழாத்தண்ணியே குடிக்க முடியாம இருந்தாங்க. அங்க முக்கியமா வயல்ல போட்ட உரம்தான் காரணம்னாலும், தண்ணிக்கு வயல் உரம் லான் உரம்னு வித்தியாசம் தெரியுமா என்ன.

நம்ம ஊருக்கு இது இன்னும் கிட்டத்துல இருக்கற விஷயம்னு நான் நெனைக்கறேன். 2003ல இருந்து மழைநீர் சேகரிப்பு இங்க கட்டாயம், நல்ல திட்டம், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா மொட்டை மாடித் தண்ணி உள்ள எறங்கறது வேற, உரம் கரைஞ்ச லான் தண்ணி உள்ள எறங்கறது வேற. 2024 ஜனவரில எங்க போர்த் தண்ணிய டெஸ்ட் பண்ணப்ப நைட்ரேட் லிட்டருக்கு 60 மில்லிகிராம் தாண்டி இருந்துச்சு, குடிதண்ணி தரத்துல 45தான் உச்சம். அது பூரா உரத்தாலன்னு நான் சொல்ல வரல, வெள்ளத்துல சாக்கடையும் கலந்திருக்கும். ஆனா கைக்குழந்தைக்கு நைட்ரேட் தண்ணில பால் கலக்குனா ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சு உடம்பு நீலம் பூத்துப் போகும், எங்க பிளாக்லயே அப்ப ரெண்டு கைக்குழந்தை இருந்துச்சு. அதப் படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல. உடனே குழந்தைங்க இருக்கற வீட்டுக்கெல்லாம் நேர்ல போயி போர்த் தண்ணிய பாலுக்கு எடுக்காதீங்க, காய்ச்சுனாலும் நைட்ரேட் போகாதுன்னு சொல்லிட்டு வந்தேன்.

எங்க டிரெயின் வழியா வெளிய போறது எல்லாம் கடைசில பள்ளிக்கரணை சதுப்புநிலம்தான், 2022ல ராம்சார்ங்கற உலக அளவுல முக்கியமான சதுப்புநிலங்களோட பட்டியல்ல வந்துச்சே அதேதான். அங்க இருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் முட்டுக்காடு. அங்க ஆகாயத்தாமரை மண்டறதுக்கு பெரிய காரணம் சாக்கடைதான், லான் உரம் அதுல கொஞ்சம்தான், ஆனா சாக்கடைய நான் தனியா நிறுத்த முடியாது, உரத்த என்னால நிறுத்த முடியும்.

2024 செப்டம்பர்ல அசோசியேஷன் ஜெனரல் பாடில ரூலாவே போட்டுட்டோம். அக்டோபர் 1ல இருந்து ஜனவரி பாதி வரைக்கும் காமன் ஏரியால உரம் கிடையாது, மண் ரிப்போர்ட் இல்லாம மணிச்சத்து கிடையாது, குளத்துக்கிட்ட பத்தடி விடணும், கான்ட்ராக்ட் யார் எடுத்தாலும் இதுல கையெழுத்து போடணும். டிராஃப்ட் எழுதறப்ப அண்ணா கூட உக்காந்து, தரைத்தளத்துல தனியா தோட்டம் வெச்சிருக்கறவங்களையும் சேருங்கன்னு சொன்னாரு, நாங்க அத யோசிக்கவே இல்ல.

இப்ப குறை. அன்னபேதி தெளிச்சப்ப பேவர் பிளாக்ல பட்டு துரு மாதிரி கறை விழுந்துடுச்சு, இன்னும் போகல, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன் எடுக்கறதும் கஷ்டம், மெசேஜ் போட்டா ராத்திரிதான் பதில் வரும். மழைக்காலத்துல சொன்ன கிழமைக்கு வர மாட்டாங்க. டிசம்பர்ல லான் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும், கொலுசு கட்டுன மாதிரி ஓரம் நறுக்கி வேணும்னு கேக்கறவங்களுக்கு இவங்க சரிப்பட மாட்டாங்க. மாசம் 7,500 ரூபா, மண் டெஸ்ட் தனி. பழைய கான்ட்ராக்ட விட 1,000 ரூபா ஜாஸ்தி, ஆனா உரச் செலவு பாதிக்கும் கீழ போனதால மொத்தத்துல எங்களுக்கு மிச்சம்தான்.

போன மழைக்கு குளம் பச்சையாகல. ஜனவரில போர்த் தண்ணி திரும்ப டெஸ்ட் பண்ணோம், நைட்ரேட் 48, இன்னும் 45க்கு கீழ வரல, அடுத்த ஜனவரிலயும் பாக்கணும். பிப்ரவரில பசங்க திரும்ப மீன் விட்டிருக்காங்க, இந்தத் தடவ கொசுப்புழு தின்னற கம்பூசியா மீனெல்லாம் சேர்க்க வேணாம், நாட்டு மீனே விடுங்கன்னு அண்ணா சொல்லிட்டாரு, கெண்டைக்குஞ்சுதான் ஓடிட்டிருக்கு.

புதுசா இவங்கள எடுக்கப் போறீங்கன்னா ஆகஸ்ட்லயே பேசி மண் டெஸ்ட் குடுத்துடுங்க. அக்டோபர் பொறந்துட்டா வருவாரு, புல்லு வெட்டுவாரு, களை எடுப்பாரு, வேற எதுவும் கேக்காதீங்க, செய்ய மாட்டாரு.