சண்டைக் காட்சி: அடிக்கு அடி எழுதுவதா, சுருக்கமாக விடுவதா?

திரைக்கதையில் சண்டை வந்ததும் பலர் இங்கேதான் திணறுகிறார்கள்.

நேரம்: திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. ‘இருவரும் மோதுகிறார்கள்’ என்ற ஒற்றை வரி நான்கு நிமிடச் சண்டையை மறைத்துவிடும். விரித்து எழுதினால் நீளம் தெரியும்.

படிக்க: சுருக்கம் வேகமாக ஓடும். இருபது குத்துகளை வரிசையாக அடுக்கினால் அலுத்துவிடும்.

படப்பிடிப்பு: குத்து, உதையெல்லாம் ஸ்டன்ட் மாஸ்டர் கையில் மாறும். கதைக்கு வேண்டியது மாறக் கூடாது. உதாரணமாக, சண்டையில் நாயகியின் கையில் அகப்படுவது அவள் அப்பாவின் அரிவாள். ஓங்கியவள், பிடியில் அவர் செதுக்கிய தன் பெயரைப் பார்த்துத் தயங்குகிறாள். அந்த நொடிக்கு மூன்று வரி கொடுங்கள்.

சண்டைக்குள் ஒருவர் மனம் மாறினால் விரித்தே எழுதுங்கள். வெறும் துரத்தலா? சரி, யார் துரத்துகிறார், எங்கே முடிகிறது என்பது போதும்.