ரெக்கோடிங் பாரா, ரெக்கோட் விற்கும் பாரா?

எங்கள் பக்கம் 'பார்' என்றால் இரண்டு பொருள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. மற்றது ரெக்கோடிங் பார். வெற்றுக் கெசட்டையும் பாட்டுப் பட்டியல் எழுதிய கொப்பித்தாளையும் கொடுத்துவிட்டு வந்தால் நாலு நாள் கழித்துப் பதிந்து தருவார்கள், சி-60 என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம். அங்கே குடிக்க பிளேன்டீகூடக் கிடைக்காது. அதனால் கண்டியில் ஒரு மாடியில் பழைய இசைத்தட்டும் விற்று பியரும் ஊற்றுகிறார்கள் என்று மச்சான் சொன்னபோது, ஒருவழியாக இரண்டு பாரும் ஒன்றாகிவிட்டதே என்று ஹட்டனில் பஸ் ஏறினேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து போய்ச் சேருவதற்குள் இடுப்பு போய்விட்டது.

கேட்பதற்கென்றால் கண்டிக் கடைதான், அதில் பேச்சில்லை. நல்ல டர்ன்டேபிள், பெரிய ஸ்பீக்கர், எந்தத் தட்டையும் போட்டுக் காட்டச் சொல்லலாம். பெட்டி பெட்டியாக ஜாஸ், ஆங்கிலப் பொப், சிங்களப் பாடகர் அமரதேவ. தமிழ் எங்கே என்று கேட்டால் அடித்தட்டிலிருந்து நாலே நாலு எடுத்தார்கள், அதில் ஒன்று கீறல். இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனலில் காது திறந்த ஆட்களுக்கு நாலு தட்டு எந்த மூலைக்கு? இருட்டியதும் இன்னொரு தொல்லை. கூட்டம் சேரச் சேரப் பேச்சுச் சத்தம் ஏறுகிறது, அதற்கு மேலே பாட்டை ஏற்றுகிறார்கள், கடைசியில் இரண்டும் கேட்பதில்லை. பியர் விலையும் கடுப்பு. இந்த லயன் பியரே 1881இல் நுவரெலியாவில் பிறந்ததுதான், சொந்த மலைக்காரனிடம் இப்படிக் கறக்கக்கூடாது.

எனக்கு நெஞ்சு பதைத்தது வேறு விஷயத்தில். ஒரு பையன் சாராயக் கிளாசை, நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய 78 தட்டின் மேலேயே வைத்துவிட்டான். 78 தட்டு, நீள நேரம் ஓடும் எல்பி தட்டு மாதிரி வைனில் பிளாஸ்டிக் இல்லை, பழையவை ஷெல்லாக், அதாவது நம்ம அரக்கு. மதுசாரம் அதைக் கரைத்துவிடும். சிங்களத்தில் சாராயத்துக்கே அரக்கு என்றுதான் பேர், அரக்கு அரக்கைத் தின்னும் என்று சொன்னேன், அவன் சிரித்துக்கொண்டே கிளாசைத் தூக்கினான். அடியில் வளையமாக ஈரம்.

ஹட்டனில் மிச்சமிருக்கும் ரெக்கோடிங் பாரில் இப்போது நடப்பது போனுக்கு ரீலோட், மெமரி கார்ட் வியாபாரம். ஆனால் பின் அறை அலுமாரியைத் திறந்தால் வேறு உலகம். தோட்டத்துத் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் செட் கட்டியவர்கள் தொழிலை விட்டபோது தட்டுகளைக் கடைக்காரரிடம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏழு இஞ்சி 45 தட்டுகள், எச்.எம்.வி. நாய்ப் படத்தோடு, எல்லாம் தமிழ். "தம்பி, கேக்கவா, வாங்கவா?" என்றார். கேட்க வழியில்லை, பிளேயரில் ஊசி இல்லை. அதனால் கண்ணால்தான் கேட்க வேண்டும்: தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தை ஓடவிட்டால் கீறல் கோடாகத் தெரியும், அதை நகத்தால் தடவிப் பார்க்கணும். நகம் மாட்டினால் பாட்டும் அங்கே மாட்டும். எங்கள் குளிருக்கும் மூட்டத்துக்கும் பூஞ்சணம் நிச்சயம். அதற்குப் பயப்பட வேண்டாம், நடு லேபல் நனையாமல் லேசான சவர்க்காரத் தண்ணீரில் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். நெளிந்த தட்டை மட்டும் அவர் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

விலை? கண்டியில் ஒரு எல்பிக்குக் கொடுத்ததில் இங்கே ஒன்பது தட்டு வாங்கினேன். அதில் இரண்டு உருப்படி இல்லை, சரி, பரவாயில்லை.

ஆகவே என் ஏற்பாடு இது: வாங்குவது ஹட்டனில், கேட்பது கண்டியில். அதுவும் பௌர்ணமிப் போயா நாளில். அன்றைக்கு நாடு முழுக்க மது விற்பனை கிடையாது, நமக்கும் லீவு, அந்தக் கடை தட்டு விற்க மட்டும் திறந்திருந்தது. போன போயாவுக்கு என் 45களைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு போனேன். மாடியில் மொத்தமே மூன்று பேர், நடுவில் இஞ்சிச் சோடா. முதல் தட்டில் ஊசி இறங்கியதும், நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த பையன் துணியோடு அப்படியே நின்றுவிட்டான். அவனுடைய தாத்தா பொகவந்தலாவையில் ஸ்பீக்கர் செட் வைத்திருந்தாராம்.