ஹட்டன் பக்கம் பழைய கேமிங் கம்பியூட்டர் வாங்கப் போகிறீர்களா, காசு கொடுக்க முன் இதை வாசியுங்கள்

கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஹட்டன் டவுனில் பாவித்த கம்பியூட்டர் விற்கிற கடை, அவ்வளவு போதும்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்று சொல்லி மெஷினோடு சேர்த்து எனக்கு விற்ற வீஜிஏ கார்ட் (கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து அனுப்புகிற பாகம்), உண்மையில் 2010இல் வந்த ஜிடிஎஸ் 450. கார்டுக்குள் இருக்கிற, தான் யார் என்று மெஷினுக்குச் சொல்கிற பயோஸ் என்ற மென்பொருளை மாற்றி எழுதிவிட்டால் விண்டோஸும் அதை 1050 டிஐ என்றே நம்பிவிடும், அதனால் கடைக்காரர் மெஷினின் பாகங்களைப் பெயரோடு காட்டுகிற டிவைஸ் மேனேஜரைத் திறந்து "பாருங்க தம்பி, பெயரே இருக்கு" என்று தைரியமாகக் காட்டினார். பெயர் இருந்தது, சரி. ஆனால் அசல் 1050 டிஐயில் படத்தைக் கணக்கிடுகிற கோர்கள் 768, இதில் 192தான், மெமரியும் 1 ஜிபி.

கடையில் ஓட்டிக் காட்டியது நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் என்ற கார் ரேஸ் கேம், அதுவும் 2005இல் வந்தது. இப்போது கிளாஸ் வேலைக்கென்று வாங்குகிற சாதாரண மெஷினிலும் அது ஓடும். பொலிஸ் கார் துரத்தத் துரத்த, கடையில் நின்ற பொடியன்கள் எல்லாம் கூடிவிட்டார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் கேட்டது அசெட்டோ கோர்ஸா என்ற இன்னொரு ரேஸ் கேம் ஓடுமா என்று. "அதெல்லாம் தாராளமா ஓடும்" என்றார்கள். அப்புறம் ஒரு பென் டிரைவில் டிரைவரைத் தந்து, இதைத்தான் போட வேண்டும், அப்டேட் மட்டும் பண்ண வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

வீட்டில் அசெட்டோ கோர்ஸா திறந்தது. தனியாக ஒரு காரை எடுத்தால் தட்டுத் தடுமாறி ஓடும். நியூர்பர்க்ரிங்கின் நோர்ட்ஷ்லைஃபே தடம், 20 கிலோமீற்றருக்கும் மேல், அதில் கூடவே பத்துப் பதினைந்து கார்களைப் போட்டுவிட்டால் கொஞ்ச தூரத்திலேயே திரை கறுத்துவிடும். விஷயம் இதுதான்: உண்மையான 1 ஜிபி நிரம்பும் வரைக்கும் எல்லாம் சரி போல இருக்கும், 4 ஜிபி இருக்கிறது என்று நம்பிய கேம் அதற்கு மேல் எழுதப் போகும்போது விழுந்துவிடும். மோஸ்ட் வான்டட்டுக்கு அவ்வளவு மெமரி தேவையே இல்லை, காட்டுவதற்கு அதையே வைத்திருப்பது சும்மா இல்லை.

போன் எடுத்துச் சொன்னால் வந்த பதில்: "லயத்துக் கரண்டுக்கு இதெல்லாம் தாங்காது தம்பி. யூபிஎஸ் ஒன்னு எடுங்க, நம்மகிட்டயே இருக்கு." காசு போனதை விட, தோட்டத்து லயன் வீட்டுக்காரன் என்று குத்துகிற இந்தப் பேச்சுதான் எனக்கு எரிந்தது. மழை நாளில் எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வருவது உண்மை, யார் இல்லை என்றது. ஆனால் வெயிலடிக்கிற பகலிலும், டிவியும் ஃப்ரிட்ஜும் பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது, கார்கள் கூடியவுடன் மட்டும் திரை கறுக்கிறதே, கரண்ட் என்ன ரேஸைப் பார்த்துவிட்டா குறைகிறது?

கார்ட் போலி என்று நான் பிடித்தது ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளை வைத்து. 2018இல் இருந்தே அது இந்த மாதிரிப் போலி என்விடியா கார்டுகளைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் ஃபேக் என்று போட்டுவிடும். அதில் சிப்பின் பெயர் வருகிற இடத்தில் 1050 டிஐ என்றால் ஜிபி107 (GP107) என்று வர வேண்டும், எனக்கு வந்தது ஜிடிஎஸ் 450இன் சிப்பான ஜிஎஃப்106 (GF106). மென்பொருள் இல்லாமலும் பார்க்கலாம்: கார்டின் பின்பக்கம் பழைய மொனிட்டர் வயர் மாட்டுகிற நீல நிற 15 துளை போர்ட் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 1050 டிஐ சிப்பில் அந்த அனலாக் வெளியீடே கிடையாது. "உங்க பழைய மொனிட்டருக்கும் நேரா மாட்டலாம்" என்று அதையே எனக்கு வசதி மாதிரிச் சொல்லி விற்றார்கள்! கார்டில் மாட்டுகிற 6 ஊசி பவர் வயரை மட்டும் வைத்து போலி என்று முடிவெடுக்காதீர்கள், சில அசல் 1050 டிஐ கார்டுகளிலும் அது உண்டு.

மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பக் கடைக்குப் போனேன். நாங்களும் கொழும்பில் இருந்து எடுத்ததுதான் என்றார் முதலாளி. இருக்கட்டும், அவர் கொழும்புக்காரனிடம் கேட்கட்டும், என் காசை எனக்குத் தரட்டும். காசு இல்லை, வேண்டுமென்றால் ஜிடிஎக்ஸ் 960 மாற்றித் தருகிறேன் என்று ஒன்றை எடுத்து வைத்தார். அதே ஃபேன், அதே நீல போர்ட்.

பில்லில் "வீஜிஏ கார்ட் 1" என்று மட்டும் எழுதியிருந்ததை வைத்து, நாங்கள் 1050 டிஐ என்று சொல்லவே இல்லை என்றும் ஒரு கதை ஆரம்பமானது. விலை பேசியபோது வந்த மெசேஜில் அவர்களே மாடலை எழுதியிருந்ததால் அது எடுபடவில்லை. வாங்குகிறவர்கள் மாடலையும் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் வந்துவிடுங்கள்.

இந்தப் பக்கம் அண்மையில் 1050 டிஐ எடுத்தவர்கள் இன்றைக்கே பின்பக்கத்தைப் பாருங்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வாங்கியதில் இருந்து 3 மாதம்தான் இருக்கிறது. விவரம் கேட்க 1977க்கு எடுக்கலாம். பில்லின் பிரதியோடு ஜிபியு-இசட் திரையையும் போட்டோ எடுத்து வையுங்கள், கார்டை மட்டும் "செக் பண்ணித் தருகிறோம்" என்று கேட்டால் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.