பூச்சியம் ரூபா பில்: ஆறு வருசக் காரும் வொறண்டி வேலைக்கான ஆதாரமும்

2019 கார்த்திகையில் கார் எடுத்தேன். இந்தியாவில் செய்து, முகவர் கொம்பனி ஊடாக வந்த புதுச் சின்னக் கார். வொறண்டி மூன்று வருசம் அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர், எது முந்துதோ அது. எடுத்து நாலைந்து மாதத்திலேயே இலங்கைக்குள் வாகனம் இறக்குவதை நிற்பாட்டினார்கள். பிறகு 2025 மாசியில்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க, இருக்கிற காரைப் பழுதாகாமல் பார்த்துக்கொள்வதை விட வேறு வழி இருக்கவில்லை.

நான் கோப்பாயிலிருந்து கிளிநொச்சிக்குப் படிப்பிக்கப் போய் வருபவள். ஏ9 வீதியில் எஞ்சினோ ஏசியோ என்னை ஒரு நாளும் இடைவழியில் விட்டதில்லை. ஆனையிறவு உப்புக்காற்றுக்காக மாதம் ஒருக்கால் அடிப்பக்கத்தைக் கழுவுவிப்பேன், துருவும் பெரிதாக இல்லை. கரைச்சல் தந்தது ஸ்ரேறிங் மட்டும்தான். எங்கள் ஒழுங்கைக்குள் மெதுவாகத் திருப்பும்போது கைக்குக் கீழே "டொக், டொக்" என்று ஒரு தட்டல். தார் வீதியில் கேட்காது. குழியும் கல்லுமான இடத்தில் மட்டும் கேட்கும்.

19,000 கிலோமீற்றரில் முதல் தடவை கொம்பனியின் சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் நின்ற தம்பி நான் சொன்னதைக் கேட்டார், தலையாட்டினார், ஜொப் காட்டில், அதாவது வேலை விபரம் எழுதும் தாளில், என்னவோ எழுதினார். நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். பின்னேரம் "ஒண்டுமில்லை அக்கா, எல்லாம் பாத்தாச்சு" என்று சாவியைத் தந்தார். 31,000இல் சத்தம் கூடிவிட்டது. இந்த முறை ஸ்ரேறிங் றாக்கையே, அதாவது ஸ்ரேறிங்கின் திருப்பலைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகிற பகுதியையே, மாற்றினார்கள். கொழும்பிலிருந்து சாமான் வர இரண்டு கிழமை எடுத்தது. "பில் இல்லையா தம்பி?" என்று கேட்டேன். "வொறண்டியில செய்தது அக்கா, காசில்லைத்தானே, பில் என்னத்துக்கு?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

2022இல் பெற்றோல் இல்லாமல் கார் பல மாதம் போர்ட்டிக்கோவில் நின்றது. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்த பிறகு திரும்ப ஓடத் தொடங்கினேன். அந்தக் கார்த்திகையோடு வொறண்டி முடிந்தது. 2023 பங்குனியில் அதே தட்டல், அதே இடத்தில். கொண்டுபோனால், "வொறண்டி முடிஞ்சுது அக்கா, முழுக் காசும் கட்டவேணும்" என்றார்கள். ஏற்கெனவே ஒருமுறை மாற்றிய சாமான் என்று சொன்னேன். கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, "இதில அப்பிடி ஒண்டும் விழேல்லை" என்றார்கள். 19,000இல் போனதற்கு அங்கே இருந்தது "பொதுச் சோதனை" என்ற ஒரே ஒரு வரி. ஸ்ரேறிங் என்ற சொல்லே இல்லை. நான் வாயால் சொன்னது எதுவும் எழுத்தில் ஏறவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். காசு ஒரு பக்கம், நான் பொய் சொல்கிறேன் என்பதுபோல் அவர்கள் பார்த்த பார்வைதான் தாங்க முடியவில்லை.

டாஷ்போர்ட் பெட்டியைக் கொட்டித் தேடியபோது, இன்சூரன்ஸ் காட்டுக்குள் மடித்தபடி ஒரு துண்டு கிடந்தது. றாக் மாற்றிய நாள் வாசலில் காவலாளிக்குக் காட்டிய கேற் பாஸின் காபன் பிரதி, மங்கிய ஊதா எழுத்தில். திகதி, என் வாகன இலக்கம், மீற்றர் 31 ஆயிரத்துச் சொச்சம், மேல் மூலையில் ஆறு இலக்க ஜொப் நம்பர். "திருத்த வேலை" என்ற பெட்டிக்குள் சரி போட்டிருந்தது. நான் பத்திரமாக எடுத்து வைத்ததல்ல அது, தற்செயலாக மிஞ்சியது.

கொம்பனியில் முன்னர் வேலை செய்த உறவுக்காரத் தம்பி ஒருவர்தான் விசயத்தை விளங்கப்படுத்தினார். வொறண்டியில் செய்த வேலைக்கு நாங்கள் காசு கட்டாவிட்டாலும், சேர்விஸ் நிலையம் தன் சாமான் காசையும் கூலியையும் மேலே கேட்டு எடுக்கத்தான் வேணும். அதற்கு கிளெய்ம் போட வேணும். கிளெய்மில் செஸி நம்பர், மீற்றர், கழற்றிய சாமான், பூட்டிய சாமான் எல்லாம் இருக்கும். பழைய சாமானையும் சோதிப்பதற்காக வைத்திருப்பார்கள், அதனால்தான் அதை எங்கள் கையில் தருவதில்லை. ஆகவே "பில் தாங்கோ" என்று கேட்டால் "இல்லை" என்பதுதான் மறுமொழி. "வொறண்டி கிளெய்மின்ர பிரதியும், மூடின ஜொப் காட்டின்ர பிரதியும் தாங்கோ" என்று கேட்க வேணும். வாகன இலக்கத்தை விட, சி.ஆர் புத்தகத்தில் (வாகனப் பதிவுப் புத்தகம்) உள்ள, எழுத்தும் இலக்கமுமாக 17 இடமுள்ள செஸி நம்பரைக் கொடுத்துத் தேடுவிப்பது நல்லது.

அப்படியே ஒரு கடிதம் எழுதினேன். ஜொப் நம்பர், செஸி நம்பர், மூன்று தரம் போன திகதிகள், கேற் பாஸின் படம். ஒன்றை இங்கே கவுண்டரில் கொடுத்து, என் பிரதியில் சீல் குத்தி வாங்கினேன். மற்றதைக் கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், அதையே ஈமெயிலும் செய்தேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுத்துக் கேட்டு வைத்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே முறைப்பாட்டை எழுத்தில், பொருள் வாங்கியோ சேவை பெற்றோ மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேணும். சத்தம் போய்விட்டதா என்று ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கிற என்னைப் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேணும். எனக்கு அதுவரை போகத் தேவை வரவில்லை.

பதினெட்டாம் நாள் கூப்பிட்டார்கள். அதே கவுண்டர், வேறு தம்பி. பிரிண்ட் எடுத்துத் தந்த தாளில் "ஸ்ரேறிங் றாக், எண்ணிக்கை 1" என்ற வரிக்கு நேரே 0.00 என்று இருந்தது. அந்தப் பூச்சியத்தைப் பார்த்தபோது நெஞ்சுக்குள் இருந்த கல்லு இறங்கினது. முதல் தடவை திருத்தியும் நிற்காத பழுது என்று ஒத்துக்கொண்டு சாமானைக் கொம்பனி தந்தது. கூலி மட்டும் நான் கட்டினேன். இரண்டாவது றாக் பூட்டி இப்போது 40,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவிட்டேன், ஒழுங்கைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு கவுண்டரில் என் பழக்கம் மாறிவிட்டது. முறைப்பாட்டை நான் சொல்லச் சொல்ல எழுதுவிக்கிறேன்: "மெதுவாகத் திருப்பும்போது தட்டல் சத்தம்". "செக் பண்ணவும்" என்று எழுதினால் வெட்டித் திருத்தச் சொல்வேன். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்றாலும் அதையும் எழுதி மூடச் சொல்வேன், ஏனென்றால் வொறண்டிக்குள்ளேயே சொன்னேன் என்பதற்கு அந்த வரியே சாட்சி. மாற்றிய சாமானுக்குத் தனி உத்தரவாதம் இருக்கா, எத்தனை மாதம் என்று கேட்டு அதே தாளில் குறிப்பிக்கிறேன், அது கொம்பனிக்குக் கொம்பனி வேறுபடும். கழற்றிய பழைய சாமானைப் போனில் படம் எடுக்கிறேன். தாள் கைக்கு வந்த பிறகுதான் சாவி வாங்குவேன்.

போன மாதம் எங்கள் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவரின் புதுக் காருக்குக் கதவுக் கண்ணாடி மோட்டர் மாற்றினார்கள். கூடப் போனேன். "காசில்லைத்தானே மிஸ்" என்று அங்கேயும் தொடங்கினார்கள். அரை மணித்தியாலம் இருந்து பிரதியை வாங்கிக்கொண்டுதான் வந்தோம். அது ரசீது மெசினில் வருகிற வழுவழுப்பான தாள். காருக்குள் வெயிலில் கிடந்தால் நாளடைவில் எழுத்து வாசிக்க முடியாமல் போய்விடும். வரும் வழியில் திருநெல்வேலிச் சந்தியில் நிற்பாட்டி இரண்டு போட்டோக்கொப்பி எடுத்து, ஒன்றை அவரின் சி.ஆர் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.