திருப்பூர்க் காப்பகமா, ஊத்துக்குளி அப்பத்தாவா? பகல் தூக்கத்தை முன்வைத்து ஓர் அலசல்

திருப்பூரில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்களில், 26 வார மகப்பேறு விடுப்பு முடியும் தறுவாயில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு எழாமல் இருப்பதில்லை. எங்கள் முன்னால் இருந்த வழிகள் இரண்டு. கம்பெனிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்துக் குழந்தையைப் பகல்நேரக் காப்பகத்தில் விடுவது ஒன்று. ஊத்துக்குளிப் பக்கம் மாமனாரின் சாளையிலேயே, அதாவது தோட்டத்து வீட்டிலேயே குடியிருந்து, குழந்தையை அதன் அப்பத்தாவான என் அத்தையிடம் (மாமியாரிடம்) விட்டுவிட்டு நானும் கணவரும் தினமும் திருப்பூருக்குப் போய்வருவது மற்றொன்று. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். மகளுக்கு இப்போது இரண்டரை வயது நடக்கிறது. ஏறக்குறைய அவள் வயதேயான நாத்தனார் மகன் திருப்பூரில் ஒரு காப்பகத்தில் வளர்கிறான் என்பதால், இரண்டு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. என் சாய்வு அப்பத்தா பக்கம்தான். அதற்கான காரணத்தையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

பணம், பாசம், வீட்டுச் சாப்பாடு ஆகிய மூன்றையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காப்பகத்துக்கு மாதக் கட்டணம் உண்டு, அப்பத்தாவுக்கு இல்லை. பேத்தியைப் பாட்டி பார்ப்பதுபோல் வேறொருவர் பார்ப்பது அரிது. சாளையில் நெய் விட்டுப் பிசைந்த அரிசிம்பருப்புச் சாதம் தினமும் கிடைக்கும். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்றும் 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது விதி கொண்டுவந்தார்கள். உங்கள் கம்பெனியில் அது பெயரளவில் இல்லாமல் நிஜமாகவே நடக்கிறது என்றால், இந்த ஒப்பீட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் அதைப் போய்ப் பாருங்கள். பால் குடிக்கும் குழந்தைக்கு அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன்.

காப்பகம் தெளிவாக மேலே நிற்கும் இடங்களும் உண்டு. முதலாவது பாதுகாப்பு. தோட்டத்தில் கிணறு இருக்கிறது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி இருக்கிறது, மருந்தடிக்கும் சாமான்கள் இருக்கின்றன. நடக்கப் பழகிய குழந்தை மூழ்குவதற்கு இடுப்பளவு தண்ணீர்கூட வேண்டியதில்லை. மகள் தவழத் தொடங்கியதுமே மாமனார் கிணற்று மேட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பலகை மூடி செய்துவைத்தார். அப்படியிருந்தும் அத்தையின் ஒரு கண் எப்போதும் வாசல் பக்கமே இருக்கிறது. காப்பகத்தில் நான்கு சுவரும் ஒரு கதவும்தான். இரண்டாவது, சம வயதுக் குழந்தைகளின் துணை. நாத்தனார் மகன் தன் பங்குக்குக் காத்திருக்கவும், பொம்மையைப் பிடுங்கியவனிடம் வாயால் கேட்டு வாங்கவும் என் மகளுக்கு முன்பே கற்றுக்கொண்டான். மூன்றாவது கைப்பேசி. மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டிய வயதில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நல்ல காப்பகங்கள் இதைக் கடைப்பிடிக்கின்றன. வீட்டில் உள்ள பெரியவர்களிடம், சோறூட்டும்போது போன் காட்ட வேண்டாம் என்று சொல்வது மருமகளுக்கு அத்தனை எளிதான காரியம் இல்லை. என் அத்தை நல்லவிதமாக எடுத்துக்கொண்டார்; எல்லா வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் என் முடிவைத் தீர்மானித்தது பகல் தூக்கம்தான். காப்பகம் பார்க்கப் போகிற பெற்றோர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள், கேமரா இருக்கிறதா என்று கேட்கிறார்கள், ரைம்ஸ் சொல்லித் தருவார்களா என்று கேட்கிறார்கள். குழந்தையை எத்தனை மணிக்குப் படுக்கவைத்து எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள் என்று கேட்பவர் குறைவு. வீட்டின் இரவு, மறுநாள் காலை, பெற்றோரின் வேலை எல்லாமே அந்த ஒரு பதிலில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ஒரு வயதிலிருந்து மூன்று வயதுவரை குழந்தையின் நாள் ஒரே ஒழுங்கில் நிற்பதில்லை. ஒரு வயதில் காலையில் ஒன்றும் மதியத்தில் ஒன்றுமாக இரண்டு தூக்கம் தூங்குகிற குழந்தை, பெரும்பாலும் 15 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் ஒற்றைத் தூக்கத்துக்கு மாறுகிறது. அந்த ஒற்றைத் தூக்கமும் பல குழந்தைகளுக்கு மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் மெல்ல நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை. மொத்தக் கணக்கு மெதுவாகத்தான் குறைகிறது. அது பகலுக்கும் இரவுக்குமாகப் பிரியும் விதமோ சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. குழந்தை விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத்தான் அடுத்த தூக்கத்துக்கான அழுத்தம் உடலில் சேர்கிறது என்பதால், பகலில் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் இரவும் சேர்ந்து தள்ளிப்போகிறது.

இரண்டு தூக்கம் ஒன்றாகும் அந்தச் சில வாரங்களைத்தான் நான் நெருக்கமாகப் பார்த்தேன். ஒன்றேகால் வயதைத் தாண்டியதும் மகள் காலைத் தூக்கத்துக்கு முரண்டு பிடித்தாள். ஆனால் பதினோரு மணிக்கெல்லாம் கண்ணைக் கசக்கினாள். பழையபடி காலையில் தூங்கவைத்தால் மதியம் தூங்காமல், சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் இல்லாத நேரத்தில் சாய்ந்துவிடுவாள்; அப்படிச் சாய்ந்த நாளில் இரவு பதினொன்றானாலும் விளையாட்டு ஓயாது. அத்தை இதற்குப் புத்தகம் எதையும் பார்க்கவில்லை. பதினொன்றேகாலுக்கே சோறூட்டி, விட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டினார். சில நாள் கழித்துச் சோற்றைக் கால் மணி தள்ளினார், பிறகு இன்னொரு கால் மணி. தொட்டிலின் விளிம்பைக் கையால் விலக்கி வெளியே எட்டிப் பார்த்தால் இன்னும் தூக்கம் வரவில்லை என்று எடுத்து வாசலில் விட்டார். விளிம்பைப் பிடித்த விரல்கள் தளர்ந்தால் ஆட்டத்தை மெதுவாக்கினார். மாதம் முடிவதற்குள் பன்னிரண்டரை மணித் தூக்கம் நிலைத்துவிட்டது. இப்போது கால் வெளியே நீட்டிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டதால் தொட்டில் போய்ப் பாய் வந்திருக்கிறது. தூங்கும் நேரம் மாறவில்லை.

அதே வயதில் நாத்தனார் மகனுக்குக் காப்பகத்தில் நடந்தது வேறு. அங்கே பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு, ஒரு மணிக்கு விளக்கணைப்பு, மூன்றரைக்கு எழுப்புதல் என்பது எல்லாருக்கும் பொது. இதில் அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. பத்துப் பன்னிரண்டு குழந்தைகளை இரண்டு பேர் பார்க்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் வைத்தால் யாரும் தூங்கமாட்டார்கள். ஆனால் பதினொன்றரைக்கே தூக்கம் வந்துவிட்ட குழந்தை ஒரு மணிவரை சிணுங்கிச் சாப்பாட்டை ஒதுக்கியது. அதே குழந்தை இரண்டேகால் வயதில், ஒன்றேகால் மணி நேரத் தூக்கம் போதும் என்ற நிலைக்கு வந்த பிறகும் மூன்றரைவரை தூங்கவைக்கப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஆறரைக்கு எழ வேண்டிய, மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் தூங்கும் குழந்தை பகலில் இரண்டரை மணி நேரம் தூங்கினால் இரவுக்கு மிஞ்சுவது ஒன்பதரை மணி நேரம். ஒன்பது மணிக்கு முன்னால் அது கண்ணயராது. எட்டு மணிக்கே படுக்கையில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டும் தாய், குழந்தை அடம் பிடிக்கிறது என்று நினைக்கிறாள். அதற்கு அந்நேரத்தில் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

இதே கணக்கு சில வீடுகளுக்குச் சாதகமாகவும் இருக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டரைக்குக் கம்பெனியை விட்டுக் கிளம்பும் பெற்றோருக்கு, பத்து மணிவரை விழித்திருந்து மடியில் விளையாடும் குழந்தைதான் வேண்டும். அவர்களுக்குக் காப்பகத்தின் நீண்ட பகல் தூக்கம் நன்மையே. நான் கணக்குப் பிரிவில் இருப்பதால் ஐந்தரைக்குக் கிளம்பிவிட முடிகிறது. எட்டரைக்குள் தூங்கிவிடும் குழந்தை எங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறது.

கழிப்பறைப் பழக்கத்திலும் இதே வேறுபாடுதான் சிறிய அளவில் தெரிகிறது. காப்பகத்தில் டயப்பர் கட்டாயம். சாளையில் ஈரமானால் மாற்றிக்கொள்ளலாம் என்று பகலில் ஜட்டியோடுதான் விட்டோம். இரண்டு வயதுக்குப் பிறகு அவளே சொல்லத் தொடங்கினாள். இது இடத்தால் வந்ததா, குழந்தையின் இயல்பா என்று ஒரே குழந்தையை வைத்துச் சொல்வது நியாயமில்லை.

சமவயதுத் துணை இல்லாத குறையை எங்களுக்குத் தீர்த்தது ஊர் பால்வாடி, அதாவது அங்கன்வாடி மையம். 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் நடப்பது அது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளோடு இந்த மையங்களின் சின்னக் குழந்தைகளும் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டார்கள். இரண்டு வயது முடிந்ததிலிருந்து மகள் காலையில் அங்கே போகிறாள். பாட்டு, விளையாட்டு, முட்டையோடு சாப்பாடு, மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்தல் எல்லாம் உண்டு. சாப்பாடு முடிந்ததும் மாமனார் போய்க் கூட்டி வந்துவிடுவதால் தூக்கம் வீட்டில் தன் நேரத்துக்கு நடக்கிறது. மையத்தில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அங்கிருக்கும் டீச்சரையும் ஆயாவையும் பொறுத்தது. எங்கள் ஊரில் அமைந்ததை வைத்து எல்லா ஊருக்கும் உத்தரவாதம் தர முடியாது.

இந்த வழிக்கு நாங்கள் தரும் விலை சிறியதில்லை. போக வர ஆகும் நேரம் குழந்தையோடு இருக்க வேண்டிய நேரத்திலிருந்துதான் கழிகிறது. அதைவிடப் பெரியது அத்தையின் உடம்பு. முழங்கால் வலியோடு, ஓடும் குழந்தையின் பின்னால் நாள் முழுக்க ஓடுவது வேலைதான். அதற்குச் சம்பளம் இல்லை என்பதால் அது வேலை இல்லை என்றாகிவிடாது. ஞாயிற்றுக்கிழமை குழந்தை முழுக்க எங்கள் பொறுப்பு, அத்தைக்கு ஓய்வு என்று வைத்திருக்கிறோம். மாரியம்மன் நோம்பி (திருவிழா) வந்தால் மட்டும் எல்லா நேரமும் கலைந்துவிடுகிறது. பழைய ஒழுங்குக்குத் திரும்ப மூன்று நான்கு நாள் பிடிக்கிறது. பாட்டி தாத்தாவுக்கு உடல்நலம் சரியில்லாத வீட்டிலோ, கிணற்றுக்கு வேலி போட வழியில்லாத தோட்டத்திலோ இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே நல்ல காப்பகமே மேல்.

காப்பகம்தான் என்று முடிவானவர்கள் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். என் குழந்தைக்கு முன்கூட்டியே தூக்கம் வந்தால் ஓரமாகப் படுக்கவைக்க இடம் உண்டா? இரண்டு மணிக்கு எழுப்பிவிடுங்கள் என்று நான் சொன்னால் எழுப்புவீர்களா? தூங்காத குழந்தையை மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் என்ன செய்யச் சொல்வீர்கள்? நாத்தனார் போன மாதம் இதே கேள்விகளோடு இன்னொரு காப்பகத்துக்குப் போனார். இரண்டரை வயதுக்கு மேற்பட்டவர்களை இரண்டேகாலுக்கு எழுப்பி வேறு அறையில் விளையாட விடுவோம் என்றார்கள். மகனை அங்கே மாற்றிவிட்டார்.